காத்தை விடுங்க, ஆளை குளிர வைங்க! – வாசகர் கேள்வி பதில்

கொளுத்துற வெயில்ல வெளியில நிக்கிறவங்களுக்காக, கரண்ட்டும் தண்ணியும் அதிகம் தின்னாத கூலிங் நிழற்குடை செஞ்சு விக்கிற என் சின்ன கம்பெனிய பத்தி போன இதழ்ல எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்விங்களை ஆசிரியர் ஒரு கட்டா அனுப்பி வெச்சு "எல்லாத்துக்கும் பதில் போட்டுருங்க"ன்னுட்டாரு. எல்லாத்துக்கும் எங்க போட? பத்து பேர் கேட்ட ஒரே கேள்விய ஒண்ணாக்கிட்டேன், விலை கேட்டவங்களுக்கு தனியா எழுதுறேன், இங்க கடை விரிக்க வேணாம்.

சார், எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும்? பஸ் ஸ்டாப்புல பெரிய ஏசி ஒண்ண மாட்டிவிட்டா வேலை முடிஞ்சுதே?

நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன், கையையும் நல்லா சுட்டுக்கிட்டேன். நாலு பக்கமும் தொறந்த ஒரு ஷெட்டுக்கு டக்ட், அதாவது குளிர் காத்த கொண்டு வர்ற பெரிய குழாய், வெச்ச ஏசிய கொண்டுபோய் இறக்கினேன். காலையில காத்தே இல்லாத நேரத்துல டெஸ்ட் பண்ணினப்போ ஜம்முன்னு இருந்துச்சு, எல்லாரும் கை குடுத்தாங்க. மதியம் லேசா காத்து கிளம்புச்சு பாருங்க, டக்ட் வாயில கட்டியிருந்த ரிப்பன் என்னவோ நேரா நீட்டி ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா அதுக்கு ரெண்டடி தள்ளி கையில பிடிச்ச ரிப்பன் அப்படியே பக்கவாட்டுல திரும்பி வேலி பக்கம் ஓடுது. அன்னைக்கு பூரா நான் வேலிக்கு ஏசி போட்டிருக்கேன்!

கணக்கு ரொம்ப சிம்பிள்தான். 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் தொறந்த இடம்னு வைங்க, அது வழியா விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல காத்து போகுது, அது காத்துன்னே சொல்ல முடியாத அளவு மெதுவு. அதுலயே விநாடிக்கு 7.5 கன மீட்டர் காத்து உள்ள வந்து வெளிய போயிடும். அத்தனையையும் 10 டிகிரி குறைக்க கிட்டத்தட்ட 85 கிலோவாட் குளிர்ச்சி வேணும். ஒரு டன் ஏசி தர்றது 3.5 கிலோவாட். அப்போ ஒரு பஸ் ஸ்டாப்புக்கு 24, 25 ஏசி. அதுங்க எல்லாத்தோட அவுட்டோர் யூனிட்டும் பக்கத்துலயே உக்காந்து அனல ஊதும், அது வேற.

கத்தார்ல 2022 உலகக்கோப்பைக்கு ஸ்டேடியத்தையே குளிர வெச்சாங்களேன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. ஸ்டேடியம் கிண்ணம் மாதிரி இருக்குறது, குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால அதுல தேங்கி நிக்கும், சீட்டுக்கு அடியில இருந்து ஊதுறாங்க, அதே காத்தை திரும்ப உறிஞ்சி மறுபடி குளிர வெக்கிறாங்க. பஸ் ஸ்டாப் கிண்ணம் இல்ல, சல்லடை.

அப்போ காத்தை குளிர வெக்காம ஆளை மட்டும் எப்படி குளிர வெப்பீங்க?

இதான் சரியான கேள்வி, இதுலதான் என் பொழப்பே ஓடுது.

வெளியில நிக்கிறவருக்கு சூடு சும்மா காத்துல இருந்து மட்டும் வரல. மேல இருந்து நேர் வெயில், உச்சி வேளையில சதுர மீட்டருக்கு 1000 வாட் கிட்ட அடிக்கும். கீழ தார் ரோடு, பக்கத்துல சுவரு, நிக்குற வண்டி, எல்லாமே சூடேறி நம்ம மேல அனல வீசிக்கிட்டிருக்கும். சும்மா நின்னாலே நம்ம உடம்பு ஒரு 100 வாட் சூட்ட உள்ள இருந்து உண்டாக்கிக்கிட்டிருக்கு. இத்தனைக்கும் உடம்புகிட்ட இருக்குற ஒரே பெரிய ஆயுதம் வேர்வை, அதுவும் காஞ்சாதான் பிரயோஜனம், சொட்டினா வேஸ்ட்டு.

எங்கிட்ட ஒரு கருப்பு பந்து இருக்கு. டேபிள் டென்னிஸ் பந்துல பளபளப்பு இல்லாத கருப்பு பெயிண்ட் அடிச்சு, உள்ள தெர்மாமீட்டர் முனைய சொருகி வெச்சது. எங்க போனாலும் பையில இருக்கும். காத்தோட சூடு 39 டிகிரி காட்டுற ஒரு மதியம் அதை வெயில்ல தொங்க விட்டேன், 53க்கு போயி நின்னுச்சு. அப்படியே எடுத்துட்டு போயி பக்கத்துல இருந்த அடர்த்தியான மரத்தடியில தொங்க விட்டேன், பத்து நிமிஷத்துல 40. காத்து அதே காத்துதான், நான் ஒரு பைசா கரண்ட் செலவு பண்ணல, ஆனா நிக்கிற ஆளுக்கு அது வேற உலகம். காத்தோட சூட்ட மட்டும் காட்டி "எங்க மெஷின் 4 டிகிரி குறைக்கும்"னு யாராவது விக்க வந்தா, கருப்பு பந்து எவ்ளோ காட்டுச்சுன்னு கேளுங்க, முழிப்பாங்க.

அதனால என் வரிசை இதுதான்: முதல்ல நிழல், அடுத்து சுத்தி இருக்குற பரப்பு அனல் வீசாம பாத்துக்கறது, அப்புறம் உடம்பு மேல காத்தோட்டம், இது மூணும் பத்தலன்னாதான் தண்ணி, அதுவும் பத்தலன்னாதான் கம்ப்ரஸர் வெச்ச ஏசி. கஸ்டமர் எல்லாரும் இந்த வரிசைய தலைகீழா கேக்குறாங்க, நிழலுக்கு காசு குடுக்க மனசு வராது, மெஷின்னு ஒண்ணு சத்தம் போட்டாதான் குடுப்பாங்க!

நாங்க தகர ஷீட்டுல கொட்டகை போட்டிருக்கோம் அண்ணே, நிழல்தான, ஆனாலும் உள்ள அடுப்பு மாதிரி இருக்கே, ஏன்? (கட்டட வேலை மேஸ்திரி ஒருத்தர்)

மேஸ்திரி, அந்த ஷீட்டோட அடிப்பக்கத்துகிட்ட உள்ளங்கைய கொண்டு போங்க, தொட வேணாம், ஒரு சாண் கீழயே சுடும். வெயில்ல ஷீட்டு 60 டிகிரிக்கு மேல போயிடும், அந்த சூட்ட கீழ பாத்து அப்படியே வீசும், நேர் வெயில தடுத்துட்டு வேற ஒரு சின்ன சூரியன தலைக்கு மேல கட்டி வெச்ச கதை. ஷீட்டுக்கு மேல் பக்கம் வெள்ளை ரிஃப்ளெக்டிவ் பெயிண்ட் அடிங்க, அது பாதி வேலை. மீதி பாதிக்கு, ஷீட்டுக்கு கீழ ஒரு முழம் இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு கட்டுங்க, பாயோ பச்ச நெட்டோ துணியோ எதுவானாலும் சரி, ஆனா ரெண்டுக்கும் நடுவுல காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறு பக்கம் போகணும், ஓரத்த அடைச்சு கட்டிட்டீங்கன்னா கெட்டுது. கொஞ்சம் சாய்ச்சு கட்டினா சூடான காத்து தானா மேல் ஓரம் வழியா வெளிய போயிடும். இதுக்கு என் கம்பெனி தேவையே இல்ல, உங்க ஆளுங்களே அரை நாள்ல முடிச்சிருவாங்க.

கடலோரத்துல இருக்கோம், வேர்வை காயவே காயாது. தண்ணி தெளிக்கிற கூலர் எங்களுக்கு வேலை செய்யுமா?

உண்மைய சொல்லிடறேன், அவ்வளவா செய்யாது. தண்ணி ஆவியாகுறப்போ சூட்ட எடுத்துக்கும், மண்பானை குளிர்ற அதே விஷயம்தான். ஆனா காத்துல ஏற்கனவே ஈரம் ரொம்பி கிடந்தா தண்ணி எங்க போயி ஆவியாகும்? தெர்மாமீட்டர் முனையில ஈரத்துணிய சுத்தி விசிறினா எவ்ளோ காட்டுதோ அதுக்கு பேரு ஈரக்குமிழ் வெப்பநிலை, சாதா கூலர் எதுவும் அதுக்கு கீழ போகாது. 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம்னா ஈரக்குமிழ் 23 கிட்ட வரும், நல்ல கூலர் 27 டிகிரி காத்து தரும். 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா ஈரக்குமிழே 30. குறையறது மூணு டிகிரி, கூடவே ஈரத்தையும் ஏத்தி விட்டு வேர்வை காயறதையும் கெடுத்துரும். நீங்க காசு குடுத்து கஷ்டத்த வாங்குன மாதிரி ஆயிடும்.

இந்த ஈரக்குமிழ் 35 டிகிரிய தொட்டா நிழல்ல சும்மா உக்காந்திருக்குற ஆரோக்கியமான ஆளால கூட தாங்க முடியாதுன்னு 2010ல ஷெர்வுட், ஹியூபர்னு ரெண்டு விஞ்ஞானிங்க எழுதினாங்க. அப்புறம் அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில இளவட்டங்களையே ரூம்ல வெச்சு சோதிச்சு பாத்தப்போ ஈரமான வெக்கையில 31 கிட்டயே உடம்பு திணற ஆரம்பிச்சிருச்சு, 2022ல வந்த ஆராய்ச்சி. அதனால கடலோரத்து வெக்கைய 34 டிகிரிதானேன்னு சாதாரணமா எடுத்துக்காதீங்க.

உங்களுக்கு வழி வேற. சிங்கப்பூர்ல 2019ல குளிர் குழாய்ங்கிற பேருல ஒரு பெவிலியன் வெச்சு சோதிச்சாங்க, சுவத்து பேனல்ல குளிர்ந்த தண்ணி ஓடும், காத்தை குளிர வெக்கவே மாட்டாங்க, உள்ள நிக்கிற ஆளோட உடம்பு சூடு அந்த பேனல பாத்து கதிரா வெளிய போயிடும். இதுல ஒரு சிக்கல், ஈரமான ஊர்ல குளிர்ந்த பேனல் மேல ஐஸ் வாட்டர் பாட்டில் மாதிரி தண்ணி கோத்து சொட்டும். அதுக்கு பேனலுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட், அது வெப்பக் கதிர விடும், ஈரக் காத்த பேனல் பக்கம் விடாது. காத்து 30 டிகிரிக்கு பக்கத்துல இருந்தும் உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இதோட சின்ன மாதிரி ஒண்ண நான் ரெண்டு வருஷமா உருட்டிக்கிட்டிருக்கேன், அந்த ஷீட்டு காத்துல படபடன்னு அடிச்சு மூணு தடவ கிழிஞ்சிருச்சு, நாலாவது இப்போ நிக்குது. விக்கிற நிலைமைக்கு இன்னும் வரல.

குடிக்கவே தண்ணி இல்ல, நீங்க காத்துல தெளிக்கிறீங்களே, இது சஸ்டெய்னபிளா?

கோவம் நியாயம்தான். ஒரு லிட்டர் தண்ணி முழுசா ஆவியானா சுமார் 2400 கிலோஜூல் சூட்ட எடுக்கும், அப்போ 1 கிலோவாட் குளிர்ச்சிக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி. ஆளு நிக்கிற இடத்துல மட்டும், ஆளு இருக்குறப்போ மட்டும் ஓடினா ஒரு நிழற்குடைக்கு நாள் பூரா ஒரு சில குடம்தான் ஆகும். ஆனா நெறைய பேரு பண்றது, ஆளே இல்லாத இடத்துல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட விடறது, அது குற்றம்னே சொல்லுவேன். என் மெஷின்ல ஆள் வந்தா ஆன் ஆகுற சென்சார் ஒண்ணு, ஈரப்பதம் ஏறினா தண்ணிய நிறுத்தி வெறும் ஃபேன மட்டும் விடுற சென்சார் ஒண்ணு. ரெண்டாவத வெச்சப்போ கஸ்டமர் ஒருத்தர் "மெஷின் ரிப்பேர், தண்ணி வரல"ன்னு வாரம் ரெண்டு ஃபோன் பண்ணாரு, இப்போ அதுக்குன்னே ஒரு சின்ன லைட்டு வெச்சிருக்கேன்.

உப்பு தண்ணி வேற தலைவலி. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது, கூலர்ல தண்ணி ஊறி நிக்கிற பேடுல படிஞ்சு படிஞ்சு ஒரு சீசன்ல கல்லாயிடும். முதல் வருஷம் நான் போட்ட, தண்ணி பீச்சுற நாசில் பாதிக்கு மேல ரெண்டு மாசத்துல அடைச்சு போச்சு, ஊசி வெச்சு குத்தி குத்தி விரலே போச்சு. ஓடுற தண்ணியில கொஞ்சத்த அப்பப்போ வெளிய விட்டுட்டு புது தண்ணி சேக்கணும், அந்த வெளிய விட்டது செடிக்கு ஆகும், ரொம்ப உப்பா இருந்தா அதுக்கும் ஆகாது.

மிஸ்ட், அதான் பனி மாதிரி தண்ணி, அடிக்கிற இடத்துல நின்னா நுரையீரல் நோய் வரும்னு வாட்ஸப்ல வந்துச்சு, உண்மையா?

வாட்ஸப்ல வந்ததுலயும் அபூர்வமா உண்மை இருக்கும்மா. லீஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா, தேங்கி நிக்கிற வெதுவெதுப்பான தண்ணியில, 20ல இருந்து 45 டிகிரி வரைக்கும், நல்லா பெருகும். குடிச்சா பொதுவா ஒண்ணும் இல்ல, அந்த தண்ணி நுண்ணிய துளியா மூச்சு வழியா உள்ள போனாதான் நிமோனியா. 1976ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல அமெரிக்கன் லீஜியன்ங்கிற சங்கத்தோட மாநாட்டுக்கு வந்தவங்களுக்கு வந்தப்போதான் அந்த பேரே வந்துச்சு. 1989ல லூசியானாவுல ஒரு கடையில காய்கறி வாடாம இருக்க மிஸ்ட் அடிக்கிற மெஷின்ல இருந்தே பரவியிருக்கு, கடைக்கு சாமான் வாங்க போனவங்களுக்கு நோய்!

அதுக்காக மிஸ்ட்டே வேணாம்னு இல்ல. தண்ணிய தொட்டியில தேக்கி சுத்த விடாம நேரா குழாய்ல இருந்து எடுக்கணும், குழாய் வெயில்ல காயாம மூடியிருக்கணும், யூவி விளக்கு இருக்கணும், ராத்திரி லைன்ல தண்ணி நிக்காம வடிச்சிரணும், ரெண்டு நாள் ஓடாம இருந்தா முதல் தண்ணிய ஆள் இல்லாதப்போ விட்டு கழுவணும். கல்யாண மண்டபமோ ஹோட்டலோ, மிஸ்ட் ஃபேனுக்கு பின்னாடி பச்சை பாசி பிடிச்ச பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு தெரிஞ்சா நான் அந்த பக்கம் உக்கார மாட்டேன், அவ்ளோதான்.

வெயில திருப்பி அனுப்புற அதிசய பெயிண்ட் வந்திருக்காமே, அத அடிச்சா ஏசியே வேணாமா?

அதிசயம் பாதி நெசம். 2014ல ஸ்டான்ஃபோர்டுல ராமனும் ஃபேனும் (இது ஃபேன்ங்கிற விஞ்ஞானி, சுத்துற ஃபேன் இல்ல) சேந்த குழு ஒரு மெல்லிசான பூச்சு செஞ்சாங்க, வெயில்ல 97 சதவீதத்த திருப்பி அனுப்பிட்டு தன் சூட்ட 8ல இருந்து 13 மைக்ரான் அலைநீளத்துல வீசும், அந்த அலைநீளத்துக்கு காத்து மண்டலம் ஜன்னல் மாதிரி தொறந்து கிடக்கும், சூடு நேரா விண்வெளிக்கு போயிடும். வெயில்லயே, சுத்தி இருக்குற காத்த விட கிட்டத்தட்ட 5 டிகிரி குளிர்ந்துச்சு, கரண்ட்டே இல்லாம. 2021ல பர்டூ யுனிவர்சிட்டில பேரியம் சல்ஃபேட் வெச்சு 98.1 சதவீதம் திருப்புற பெயிண்ட்டே பண்ணிட்டாங்க. எனக்கு கூரைக்கு இது ரொம்ப பிடிக்கும். மேகமும் ஈரமும் அதிகமா இருந்தா அந்த ஜன்னல் பாதி மூடிக்கும், தூசி படிஞ்சா வெள்ளை வெள்ளையா இருக்காது, ரெண்டையும் யாரும் பிரவுச்சர்ல போட மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கூரையில அடிங்க, ஆளு நடக்குற தரையில யோசிச்சு அடிங்க. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் ஊர்ல 2020ல இருந்து தெருவுல வெளிர் பூச்சு அடிச்சாங்க, தார் நெசமாவே குளிர்ந்துச்சு, ஆனா மதியம் அது மேல நடக்குறவருக்கு கீழ இருந்து எதிரொளிச்ச வெயில் சேந்து அடிச்சதால உடம்பு வாங்குற சூடு கூடத்தான் செஞ்சுதுன்னு அளந்து சொன்னாங்க. ஆளு மேல எல்லா பக்கத்துல இருந்தும் விழற கதிர அளக்குற கருவிய கொண்டு போயி வெச்சுதான் அதையும் கண்டுபிடிச்சாங்க.

45 டிகிரில ஃபேன் போடலாமா?

உடம்ப நனைக்காம வெறும் ஃபேன் வேணாம். 40 டிகிரிக்கு மேல ஃபேன் சூட்ட உடம்பு மேல திணிக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கை, கழுத்த நனைச்சுட்டு நில்லுங்க, அப்போ கதை மாறும்.

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். இதே மாதிரி கம்பெனி ஆரம்பிக்கணும்னு ஆசை. டெக்னாலஜில எது கஷ்டம்?

தம்பி, டெக்னாலஜி கஷ்டமே இல்ல, அது உங்க புக்லயே இருக்கு. ஸ்பெயின்ல செவில்ல 1992 எக்ஸ்போவுலயே பந்தல், மரம், மிஸ்ட், ஓடுற தண்ணின்னு தொறந்த வெளிய குளிர வெச்சு காட்டிட்டாங்க, இப்போ அதே இடத்துல ராத்திரி தண்ணிய குளிர வெச்சு பகல்ல பயன்படுத்துற ப்ராஜெக்ட் பண்ணியிருக்காங்க. புதுசா கண்டுபிடிக்கணும்னு லேப்ல உக்காராதீங்க.

கஷ்டம் எங்கன்னா, வெயில்ல வேகுறவர் ஒருத்தர், செக்குல கையெழுத்து போடுறவர் ஏசி ரூம்ல இருக்குற இன்னொருத்தர். இவருக்கு சுடாது. நான் டெமோவ ஆஃபீஸ்ல பண்றதையே விட்டுட்டேன், மதியம் ரெண்டு மணிக்கு சைட்டுக்கு வரச்சொல்லி, நிழலுக்கு வெளிய நிக்க வெச்சுதான் பேசுவேன், பேச்ச கொஞ்சம் நீட்டி பேசுவேன். உள்ள வந்து நின்னதும் அவர் விடுற மூச்சுல பாதி ஆர்டர் முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, மெஷின வித்துட்டு வந்துராதீங்க. நான் முதல்ல வித்த பத்துல ஆறு அடுத்த கோடைக்கு ஓடல, பேடு காஞ்சு கல்லாகி, பம்ப் கழண்டு, பார்க்கிங்ல ஓரமா கிடந்துச்சு, அது மேல யாரோ ஹெல்மெட்ட வெச்சிருந்தாங்க. இப்போ வாடகைதான், சீசனுக்கு இவ்ளோன்னு, கழுவுறதும் பேடு மாத்துறதும் எங்க வேலை. கைக்காசு முடங்கும், பேங்க்ல பேச்சு வாங்கணும், ஆனா மெஷின் ஓடும். மழைக்காலத்துல வருமானம் சைபர், அதுக்கு இப்பவே ஒரு வழி பாத்து வைங்க, நான் பாக்காம விட்டு ரெண்டு பேருக்கு சம்பளம் லேட்டாச்சு.

கடைசியா ஒண்ணு, கோச்சுக்காதீங்க. உங்க வீட்ல ஏசி இருக்கா?

இருக்கு. ராத்திரி படுக்க மட்டும், 27ல. அவுட்டோர் யூனிட் பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடுற பக்கம் பாத்து ஊதிக்கிட்டிருந்துச்சு, திருப்பி வெக்கலாமான்னு கேட்டதுக்கு, "வேணாம் தம்பி, சீக்கிரம் காயுது"ன்னுட்டாங்க.